பத்மினி ஏன் நின்றது

எட்டு மாதமாக வைஜயந்தி ஸ்டீரிங்கைத் தொடவில்லை. திருவள்ளூரில் அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டி, நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருந்தது அந்தப் பத்மினி கார். காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அதைத் தாண்டித்தான் ஓட வேண்டும். ஓடும்போது அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டாள்.

கார் அவளுடைய மாமனார் எம்பாருடையது. கோயிலில் பிரபந்தம் சேவித்துக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. முப்பது வருஷத்துக்கு மேல் அவரே ஓட்டினார், அவரே துடைத்தார். கண் புரை மறைக்க ஆரம்பித்ததும் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டார். வைஜயந்தியின் கணவன் ஜனார்தனன் கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவன். அடுப்பும் அண்டாவும் தவிர வேறு எந்த இயந்திரமும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். அதனால் வைஜயந்தி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் இருக்கும் அந்தப் பழைய வண்டி அவள் கைக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. ஆறு வருஷம் ஓட்டினாள். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

போன மே மாதம் எம்பாருக்கு ஆவடியில் கண் ஆபரேஷன் நடந்தது. முடிந்ததும் பின்சீட்டில் அவரை உட்காரவைத்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் சொட்டு மருந்து; அவரால் எதையும் பார்க்க முடியாது. பாதி வழியில் என்ஜின் திக்க ஆரம்பித்தது. ஒரு ரயில்வே கேட்டில் ஏறித் தண்டவாளத்துக்கு நடுவே வந்தபோது இரண்டு முறை உதறிவிட்டு நின்றே போய்விட்டது. சாவியைத் திருப்பினாள். திருப்பத் திருப்ப உறுமியதே தவிரப் பிடிக்கவில்லை. கேட் மணி அடித்தது. கேட்கீப்பர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். பைக்கில் நின்ற நாலைந்து பேர் இறங்கித் தள்ளி, அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் ரயில் வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ரயில் போட்ட ஹாரன் சத்தம் வைஜயந்தியின் காதைவிட்டுப் போகவே இல்லை.

அன்றைக்கு எம்பார் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"சோக்கைக் கிக்கை இழுத்துட்டியோம்மா?"

குளிர்ந்த என்ஜினைக் கிளப்புவதற்காக டாஷ்போர்டில் இருக்கும் குமிழ்தான் சோக். ஓடுகிற வண்டியில் அதை இழுத்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் போய் என்ஜின் மூச்சு முட்டி நின்றுவிடும். தான் இழுக்கவில்லை என்றுதான் வைஜயந்தி நினைத்தாள். ஆனால் பதற்றத்தில் கை எங்கே போயிற்றென்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

வண்டியைக் கட்டியிழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மணவாள நகர் மெக்கானிக் வந்து பார்த்தான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினான். "வண்டியில ஒண்ணும் இல்ல. ஓட்றவங்க ஓட்னா ஓடும்," என்றான். அடுத்து வந்தவன் அதற்குள் பெட்ரோல் பாயும் சின்னத் துவாரமான ஜெட்டை மாற்றினான். மூன்றாமவன் பெட்ரோலைக் கூட்டிவைத்தான். மூன்று பேர் கையிலும் வண்டி தெருவைச் சுற்றி அழகாக ஓடியது. அப்படியென்றால் நிறுத்தியது யார்? வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததாலேயே அது வைஜயந்திக்குள் நாளுக்கு நாள் கனத்தது. பொங்கல் கழிந்த வாரம், "வித்துடலாம்னு பாக்கறேன். ஆர்.கே.பேட்டைல ஒருத்தர் கேட்டுண்டே இருக்கார்," என்று எம்பார் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் மதியம் கம்பெனி கேன்டீனில் தோழி பிரின்சியிடம் இதையெல்லாம் சொன்னாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஜெனரேட்டர் செய்யும் கம்பெனி அது. வைஜயந்திக்கு அங்கே ஸ்டோர்ஸில் வேலை. பிரின்சி டெஸ்டிங்கில் இருந்தாள். முப்பத்துநாலு வயது. தயாராகி வரும் ஒவ்வொரு என்ஜினையும் ஓடவிட்டு, சத்தத்திலும் சூட்டிலும் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. அவள் திருப்பி அனுப்பிய என்ஜினை மேனேஜரே வந்து கேட்டாலும் பாஸ் பண்ண மாட்டாள் என்று பேர்.

"இன்னாக்கா நீ, எதுனால நின்னுச்சுன்னே தெரியாம விக்கப் போறீங்களா?" என்றாள் பிரின்சி.

"தெரியறதே. நான் ஓட்டினதாலே நின்னுது."

"அப்டி யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை."

பிரின்சி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "நின்னுபோன வண்டிய மூணு பேரும் ஓட வெச்சுப் பாத்துக்கினு இருந்திருக்காங்க. நிக்க வெச்சு ஒருத்தரும் பாக்கல. ஞாயித்துக்கெழம சர்ச் முடிச்சுட்டு வரேன். நீதான் ஓட்டணும்."

"நான் ஓட்ட மாட்டேன் பிரின்சி."

"நீ ஓட்டாம இன்னாத்தக் கண்டுபுடிக்கிறது? அன்னிக்கு ஓட்னது நீதானே."

ஞாயிறு பதினொரு மணிக்குப் பிரின்சி தோளில் ஒரு கனத்த பையோடு வந்து இறங்கினாள். தார்ப்பாயை உருவினாள். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தாள். நான்கும் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தன. "பெட்ரோல ரொம்பக் கூட்டி வெச்சுட்டாங்க," என்று பிளக்குகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கார்புரேட்டர் திருகைக் காதை வைத்துக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தாள். வண்டி கிளம்பி ஒரே சீராக ஓடியது. அடுத்து அவள் செய்ததை வைஜயந்தி எதிர்பார்க்கவில்லை. என்ஜின் சூடானதும் சோக் குமிழை உள்ளே தள்ளி, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி ஒட்டிவிட்டாள்.

"இப்ப நீ நெனச்சாலும் இழுக்க முடியாது."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த எம்பார், செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"நானும் வரேன்."

"மாமா, நீங்க எதுக்கு? வழியிலே நின்னா..."

"அன்னிக்கு நான் பின்னாலே இருந்தேனோல்லியோ? இன்னிக்கும் இருக்கேன். அன்னிக்குக் கண் தெரியலை. இன்னிக்குத் தெரியறது."

வைஜயந்தி ஸ்டீரிங்கில் கை வைத்தாள். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். கியர் மட்டும் மறக்காமல் கைக்கு வந்தது.

தெருமுனை தாண்டியதும் பிரின்சி கேட்டாள்: "அக்கா, அன்னிக்குப் பெட்ரோல் எவ்ளோ இருந்துச்சு?"

"ஆவடிலேர்ந்து கிளம்பறச்சே ஃபுல் டேங்க் போட்டேன்."

"அப்ப இன்னிக்கும் ஃபுல் டேங்க்."

பங்க்கில் நிரப்பிக்கொண்டு பெரியபாளையம் ரோட்டில் திரும்பினார்கள். தை மாத வெயில் இதமாக இருந்தது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள். பத்து நிமிஷம் போயிற்று. பதினைந்து. வைஜயந்தி மூச்சையே எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். பிரின்சி கைக்கடிகாரத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இருபத்திரண்டாவது நிமிஷம் என்ஜின் ஒருமுறை திக்கியது.

"ஐயோ."

"ஓட்டு. நிறுத்தாத."

மறுபடி திக்கியது. வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து விடுவதுபோல உதறியது. "மிஸ்ஸிங் அடிக்குது. இதானே அன்னிக்கும்?" என்றாள் பிரின்சி. ஆமாம் என்று வைஜயந்தி தலையை அசைத்தாள். ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டுவதற்குள் என்ஜின் நின்றுவிட்டது.

பிரின்சி முன்னால் குனிந்து டாஷ்போர்டைத் தொட்டுக் காட்டினாள். டேப் சுற்றியபடியே இருந்தது.

"ஐயா, நல்லாப் பாத்துக்கோங்க. அக்கா கை இதுங்கிட்டப் போவல."

பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த எம்பார், "பாத்துண்டேன்," என்றார். குரல் தழைந்திருந்தது.

பிரின்சி பானெட்டைத் தூக்கினாள். "என்ஜின் நின்னா ரெண்டே காரணந்தான். ஒண்ணு, நெருப்புப் பொறி வரல. இல்ல, பெட்ரோல் வரல. எதுன்னு மொதல்ல பாப்போம்." பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைத் தொட்டாள்; கையைச் சட்டென்று எடுத்தாள். "கொதிக்குது. இதான்னு நெனைக்கிறேன். சூடானா சில காயிலு செத்துப்போவும். ஆறிச்சுன்னா உசுரு வந்துரும்." பையில் வேறொரு காயில் கொண்டுவந்திருந்தாள். கால்மணி நேரத்தில் மாற்றி மாட்டினாள். முகத்தில் கண்டுபிடித்துவிட்ட தெளிவு இருந்தது.

"இப்பப் போடுக்கா."

வைஜயந்தி சாவியைத் திருப்பினாள். உறுமியது. பிடிக்கவில்லை. இன்னொரு முறை. அப்போதும் இல்லை.

பிரின்சியின் முகம் வாடியது. ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி என்ஜின்மேல் வைத்துவிட்டு, மறுபடி திருப்பச் சொன்னாள். பளிச் பளிச்சென்று நீலப் பொறி தெறித்தது. "பொறி சூப்பரா வருது. அவசரப்பட்டுட்டேன். இத மொதல்ல பாத்திருக்கணும்," என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டாள். பம்பின் பக்கவாட்டில் இருந்த சின்ன நெம்புகோலை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பாட்டிலில் ஒரு சொட்டு விழவில்லை.

"ஃபுல் டேங்க் போட்டோம். இங்க ஒரு சொட்டு இல்ல." இடுப்பில் கை வைத்து நின்று யோசித்தாள். "கார்புரேட்டர் மேல தப்பே இல்லக்கா. அதுக்குக் குடிக்கவே தரல. பம்பு போயிருக்கணும். இல்லன்னா வர்ற வழியில அடைப்பு. டேங்க்ல இருந்து ஊதிப் பாத்துர்றேன்."

வண்டியின் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினாள். அது அசையவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்து முழுப் பலத்தையும் கொடுத்துத் திருகினாள். மூடி விட்டுக்கொடுத்த அந்த நொடியில், புஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்கிற சத்தம் கேட்டது. வண்டிக்குள் இருந்த வைஜயந்திக்கே கேட்டது.

பிரின்சி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு முன்பக்கம் ஓடினாள். நெம்புகோலை அழுத்தினாள். பாட்டிலுக்குள் பெட்ரோல் பீய்ச்சியடித்தது.

"அக்கா! வாக்கா இங்க! ஐயா, நீங்களும் எறங்கி வாங்க!"

மூவரும் புளியமரத்தடியில் மூடியைச் சுற்றி நின்றார்கள். பிரின்சி விளக்கினாள். டேங்க்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியிலேயே ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அது அடைபட்டால் டேங்க் உள்ளே இறுகிக்கொண்டு பெட்ரோலைக் கொடுக்காமல் பிடித்துவைத்துக்கொள்ளும்.

"டேங்க் நெறஞ்சிருந்தா உள்ள காத்துக்கு எடமே கம்மி. சீக்கிரம் இறுகிக்கும். தெருவச் சுத்துனா ஒண்ணும் தெரியாது. இருவது நிமிசம் ஓடணும். மணிக்கணக்குல நின்னா காத்து மெள்ள மெள்ளக் கசிஞ்சு உள்ள போயிரும், மறுபடி ஓடும். அதான் வந்தவனுங்க எவனுக்கும் புடிபடல." மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உட்பக்கம் வட்டமாக ஒரு கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தாள். அதற்கடியில் குட்டி ஓட்டை ஒன்று தெரிந்தது. "இது கம்பெனி ரப்பர் இல்ல. சைக்கிள் டியூப வெட்டி ஒட்டிக்கீறாங்க. எந்தப் புண்ணியவான் பண்ண வேலைன்னு தெரில..."

"நான்தான்," என்றார் எம்பார்.

பிரின்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எம்பார் கையை நீட்டி அந்த ரப்பரை வாங்கிக்கொண்டார். விரலால் அதன் விளிம்பைத் தடவினார். கத்தரிக்கோல் நெளிந்து போன இடம்கூட அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாலே. நீ ஓட்டிண்டு வந்து எறங்கினே வைஜயந்தி. பெட்ரோல் வாசனை தாங்கலைன்னு தலையைப் பிடிச்சுண்டு அப்படியே படுத்துட்டே. ராத்திரி சாப்பிடக்கூட இல்லை. மூடி வழியாத்தான் வாசனை வரதுன்னு நெனச்சேன். கண்ணும் சரியாத் தெரியலை. தடவித் தடவி வெட்டி ஒட்டினேன். ஓட்டை இருக்கறதை நான் பாக்கலை."

வைஜயந்திக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் வாசனை நின்றதும் ஞாபகம் வந்தது. ஜனார்தனன் யாரிடமோ சொல்லிச் சரிசெய்துவிட்டான் என்று நினைத்து மறந்துபோயிருந்தாள்.

"எட்டு மாசம்மா," என்றார் எம்பார். "நான் பண்ணின காரியத்துக்கு உன்னைக் குத்தம் சொல்லிண்டு இருந்திருக்கேன்."

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே மாமா. ஒரு தடவை கேட்டேள். அவ்வளவுதான்."

"கேட்டதே தப்புதான். மனசுக்குள்ளே அதுக்கப்புறமும் கேட்டுண்டேதான் இருந்தேன்." கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "தண்டவாளத்துலே நிக்கறச்சேயே ரயில் வந்திருந்தா அதுவும் என்னாலேதானே?"

"வரலையே மாமா," என்றாள் வைஜயந்தி. சொன்னவுடன் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பானெட்டில் சாய்ந்து நின்று அழுதாள். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. எட்டு மாதமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த எதையோ உடம்பு தானாகவே இறக்கி வைத்தது. பிரின்சி பக்கத்தில் நின்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கையில் கிரீஸ் இருப்பது ஞாபகம் வந்து சட்டென்று எடுத்தாள். அதற்குள் ரவிக்கையில் ஐந்து விரலும் பதிந்துவிட்டன.

"ஐயோ, ஒன் ஜாக்கெட்டு!"

வைஜயந்தி திரும்பி முதுகைப் பார்க்க முயன்று, பார்க்க முடியாமல், சிரித்துவிட்டாள். எம்பாரும் சிரித்தார்.

பிரின்சிக்கு மட்டும் இன்னும் திருப்தி வரவில்லை. "சிரிப்பெல்லாம் அப்பறம். இதான் காரணம்னா, ரப்பர மறுபடி வெச்சா மறுபடி நிக்கணும். நின்னாத்தான் நான் பாஸ் பண்ணுவேன்."

ரப்பரை வைத்து இறுக்கி மூடிக்கொண்டு கிளம்பினார்கள். இருபத்தைந்தாவது நிமிஷம் அதேமாதிரி உதறி, அதேமாதிரி நின்றது. இந்த முறை வைஜயந்தி பதறவில்லை. நிதானமாக ஓரம் கட்டி, தானே இறங்கிப் போய் மூடியைத் திருகினாள். புஸ்ஸென்றது. "இதோ இதோ," என்று பின்சீட்டிலிருந்து எம்பார் குரல் கொடுத்தார். ரப்பரை எடுத்துவிட்டு மூடினாள். அரைமணி நேரம் ஓடியது. முக்கால் மணி ஓடியது. ஒரு திக்கல் இல்லை. தையல் மிஷின் மாதிரி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

"பாஸ்," என்றாள் பிரின்சி.

அதற்குள் பெரியபாளையம் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டிருந்தார்கள். "இவ்ளோ தூரம் வந்தாச்சு, என்னைக் கவரப்பேட்டையில எறக்கி உடு, பஸ் புடிச்சுப் போயிக்கிறேன்," என்றாள் பிரின்சி.

"பஸ்ஸா? கும்மிடிப்பூண்டிவரைக்கும் கொண்டுபோய் விடறோம்," என்றார் எம்பார், வண்டி ஓட்டுகிறவர் தாமே என்பதுபோல.

பிரின்சியின் வீட்டில் அவளுடைய மாமியார் ரோசம்மாள் வாசலுக்கு வந்தாள். வேட்டியும் திருமண்ணுமாக எம்பார் வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறினாள். பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். "ஊட்ல ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு சாமி. உங்களுக்கு இன்னா குடுக்கிறதுன்னு தெரியலயே."

"இளநீர் இருந்தா குடுங்கோ. இல்லேன்னா தண்ணி போறும். உங்க மாட்டுப்பொண்ணு இன்னிக்கு எனக்குப் பண்ணினதே நெறையம்மா," என்றார் எம்பார்.

ரோசம்மாள் பின்பக்கம் போய் நாலு இளநீரோடு வந்தாள். குடித்து முடித்ததும் எம்பார் போனை எடுத்தார். ஆர்.கே.பேட்டைக்காரரிடம், "வண்டி விக்கறதுக்கில்லே. மன்னிக்கணும்," என்று இரண்டே வார்த்தையில் முடித்தார்.

பிரின்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அக்கா, அந்தப் பெட்ரோல் நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு இன்னும் பாக்கல. மூடிக்கிட்டதான் எங்கியோ கசியுது, ரப்பர எடுத்துட்டதால மறுபடி நாறும். அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்."

"வா. சாப்பாடு எங்காத்துலேதான்," என்றாள் வைஜயந்தி.

திரும்பும்போது எம்பார் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். கவரப்பேட்டை வருவதற்குள் தூங்கிப்போனார். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜனார்தனனிடமிருந்து போன் வந்தது. வைஜயந்தி ஓரமாக நிறுத்தி எடுத்தாள்.

"எங்கே இருக்கேள் ரெண்டு பேரும்? ஆத்துல யாருமே இல்லையே. வண்டியையும் காணோம்!"

"கவரப்பேட்டைக்குப் பக்கத்துலே."

"கவரப்பேட்டையா? யார் ஓட்டறா?"

"நான்தான்," என்றாள் வைஜயந்தி. "ரசம் மட்டும் வெச்சுடுங்கோ. ஒரு மணி நேரத்துலே வந்துடறோம்."